மில்லில் போன விரல்கள்

எங்கள் பகுதியில் விரல் இல்லாத கையைக் கண்டால் ஆட்கள் முதலில் கேட்பது, "ஷெல்லோ, மிதிவெடியோ?" என்பதுதான். மில்லில் போனது என்று சொன்னால் கேட்டவரின் முகம் மாறிவிடும். "ஓ, மில்லிலையோ" என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடும். போரில் போன அவயவத்துக்கு ஒரு பதிவு உண்டு, ஒரு படிவம் உண்டு, விசாரிக்க வருபவர் உண்டு. கூலி வேலையில் போன விரலைப் பற்றிக் கேட்க ஒருவரும் வருவதில்லை. அதைப் பற்றித்தான் இம்முறை எழுத நினைத்தேன்.

நான் மருதனார்மடத்தில், காங்கேசன்துறை வீதிக்குச் சற்று உள்ளே, மாவும் தூளும் அரைக்கும் ஒரு மில்லில் 2011 ஆம் ஆண்டு முதல் வேலை செய்கிறேன். எனது ஊர் முல்லைத்தீவுப் பக்கம். 2009 இல் கணவரை இழந்து, செட்டிகுளம் முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வெளியே வந்தபோது, மாமியின் உறவினர் இங்கே இருந்தபடியால் இங்கே வந்து சேர்ந்தோம். மருதனார்மடத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பெண் பிள்ளைகள் படிப்பதற்கென்று பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் தொடங்கிய கல்லூரி இங்கேதான் இருக்கிறது. உயர்ந்து நிற்கும் ஆஞ்சநேயர் இருக்கிறார். விடியற்காலையில் செம்மண் தோட்டங்களிலிருந்து மரக்கறி வந்து குவியும் சந்தை இருக்கிறது. சந்தைக்கு வருகிறவர்கள் திரும்பும் வழியில் எங்கள் மில்லுக்கும் வருவார்கள். ஒருவர் வறுத்த மிளகாயும் மல்லியும் கொண்டு வருவார், ஒருவர் பச்சையரிசி, ஒருவர் ஒடியல், ஒருவர் குரக்கன். கனடாவுக்கும் இலண்டனுக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பும் தூளென்றால் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வாங்குவார்கள்.

தூள் அரைத்த உடனே அரிசி அரைக்க முடியாது. மாவில் காரம் ஏறினால் வாடிக்கையாளர் அடுத்த முறை வேறு மில்லுக்குப் போய்விடுவார். ஆகவே ஒவ்வொரு முறை மாறும்போதும் இயந்திரத்தைத் துடைக்க வேண்டும். மிளகாய்க்கும் அரிசிக்கும் வேறு வேறு இயந்திரம் வைத்திருக்கும் மில்கள் உண்டு. சிறிய மில்களில் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும். தைப்பொங்கலுக்கு முந்திய வாரமும் தீபாவளிக்கு முந்திய வாரமும் ஒரு நாளில் எத்தனை தரம் துடைத்தோம் என்று நாங்கள் எண்ணுவதே இல்லை. வாசலில் பத்துப் பேர் பையோடு நிற்பார்கள். "பிள்ளை, கெதியாய்" என்பார்கள். அரைக்கும் நேரத்தில் கை இயந்திரத்துக்கு வெளியே இருக்கிறது. துடைக்கும் நேரத்தில்தான் உள்ளே போகிறது. நான் அறிந்தவரையில் எங்கள் பக்கத்து மில்களில் விரல் போன கதைகள் எல்லாம் அரைக்கும்போது நடந்தவை அல்ல. துடைக்கும்போதும், அடைப்பு எடுக்கும்போதும், கழன்ற பெல்ற்றை மாட்டும்போதும் நடந்தவை.

அந்த இயந்திரத்தைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லாத சாமான் போலத்தான் இருக்கும். மேலே சாமான் போடும் வாய், உள்ளே சுழலும் இரும்புத் தகடுகள், அவற்றைச் சுற்றி அரிதட்டுப் போல ஒரு சல்லடை, கீழே மா விழும் துணிப்பை. பக்கத்தில் மோட்டர். மோட்டரின் சுற்றை இயந்திரத்துக்குக் கொண்டு போகும் பெல்ற். இப்படியான மோட்டர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 தடவை சுழல்பவை. ஒரு செக்கனுக்கு 24 தடவை என்று கணக்குப் பாருங்கள். சுடுகிறது, வெட்டுகிறது என்று உணர்ந்து கையை இழுக்க எந்த மனிதருக்கும் செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது வேண்டும். அதற்குள் அது நாலைந்து சுற்றுச் சுற்றிவிடும். "கவனமாய் இருந்தால் ஒண்டும் நடக்காது" என்று சொல்லுகிறவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்லுவேன். கவனத்தை விட இயந்திரம் வேகமானது.

சுவிச்சை நிற்பாட்டினாலும் உடனே நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். சத்தம் குறைந்துவிடும், ஆனால் உள்ளே பாரமான தகடுகள் தம் வேகத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டு இருக்கும். புதிதாக வருகிற பிள்ளைகள் சத்தம் நின்றதும் மூடியைத் திறக்கப் பார்ப்பார்கள். துடைக்கும் துணியும் ஆபத்துத்தான். துணியின் ஒரு முனை சுற்றில் மாட்டினால் துணியோடு கையையும் இழுத்துப் போகும். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். சுழலும் இரும்புக்குப் பக்கத்தில் கையுறையும் அந்தத் துணியைப் போன்றதுதான். காப்பு, மோதிரம், சேலைத் தலைப்பு, தொங்கும் பின்னல், சுடிதாரின் துப்பட்டா எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இனி என் மச்சாளின் கதை. கணவரின் தங்கை அவ. அவவின் மனிசன் காணாமல் ஆக்கப்பட்டவர்களில் ஒருவர். இரண்டு பிள்ளைகள். அவ வேலை செய்தது எங்கள் மில்லில் அல்ல, இன்னொரு மில்லில். அதன் பெயர் வேண்டாம்.

2022 மார்ச் மாதக் கடைசி நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டொலர் இல்லை, டீசல் இல்லை, மின்சாரம் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நின்றது. மின்சாரம் இருக்கிற சில மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் அரைத்து முடிக்க வேண்டும். மச்சாள் மிளகாய் அரைத்துக்கொண்டு இருக்கும்போது இடையில் மின்சாரம் போனது. பாதி அரைபட்ட மிளகாய் உள்ளே இறுகிப்போய் நின்றது. அடுத்ததாக அரிசி கொண்டு வந்தவர்கள் காத்திருக்கிறார்கள். "கறன்ற் வாறதுக்குள்ளை துப்பரவாக்கி வை பிள்ளை" என்று சொல்லிவிட்டு முதலாளி வெளியே போனார். இயந்திரம் நிற்கிறது, விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. அவ மூடியைத் திறந்து கையை விட்டா. அறிவித்த நேரத்துக்கு முன்னமே மின்சாரம் வந்தது.

வலது கையில் சுட்டு விரலும் நடு விரலும் போயின. மோதிர விரல் பாதி. மிளகாய்த் தூளுக்குள் அந்தக் காயம் எப்படி எரிந்திருக்கும் என்பதை நான் எழுதப் போவதில்லை.

இதிலே ஒரு சின்ன விளக்கம் எல்லோரும் அறிய வேண்டியது. கைப்பிடியால் மேலும் கீழும் தள்ளும் சாதாரண சுவிச்சென்றால், மின்சாரம் போனாலும் சுவிச்சு 'போட்ட' நிலையிலேயே இருக்கும். மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் மோட்டர் தானாகவே ஓடத் தொடங்கும். பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் உள்ள காந்த ஸ்ராட்டர் அப்படியல்ல. மின்சாரம் போனதும் உள்ளேயுள்ள காந்தம் பிடியை விட்டுவிடும். மின்சாரம் திரும்பினாலும் யாராவது பச்சைப் பொத்தானை அமத்தும் வரை மோட்டர் ஓடாது. மச்சாளின் இரண்டரை விரலுக்கும் ஒரு ஸ்ராட்டருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். மின்வெட்டு 2022 உடன் முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டது. ஆஞ்சநேயருக்கு முன்னால் கடை வைத்திருக்கும் நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அன்றைக்கு எத்தனை ஆலைகளில் எத்தனை பேர் இயந்திரத்துக்குள் கை வைத்திருந்தார்கள், எந்த நேரத்தில் திரும்பி வரும் என்று தெரியாமல்?

பக்கத்துக் கடைத் தம்பி 1990 க்கு எடுத்தார். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது 2018 ஜூலையில். பெற்றோல் வரிசைகள் மைல் கணக்கில் நின்ற அந்த நாட்களில் முச்சக்கரவண்டி பிடிக்க முடியாது. 1990 இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம் என்று இன்றைக்கும் யோசிப்பேன். யாராவது எடுத்து வந்த விரல் துண்டுகள் சொப்பிங் பையில் நேரே ஐஸ் கட்டிக்குள் கிடந்தன. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் வைத்தியர் பார்த்துவிட்டு, நசிந்துவிட்டது அம்மா, இணைக்க இடமில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

நசியாமல் துண்டாக வெட்டுப்பட்டிருந்தால் சில வேளை இணைக்கலாம். முற்றாக வெட்டுண்ட பெருவிரல் ஒன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் இரத்தக் குழாய்களைத் தைத்து முதன்முதலாக இணைத்தவர்கள் ஜப்பானின் கொமற்சுவும் தமாயும். அது 1965 இல் நடந்தது. தமிழ்நாட்டில் சென்னை ஸ்ரான்லி அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியர் ஆர். வெங்கடசாமி கைக் காயங்களுக்கென்றே தனிப் பிரிவை 1970 களில் உருவாக்கினார். கையை ஒரு தனி உலகமாகப் பார்க்கிற வைத்தியம் அப்படித்தான் எங்கள் பக்கத்துக்கு வந்தது. ஆனால் வைத்தியரின் கைக்குப் போகுமுன் எங்கள் கையில் இருக்கும் நேரம் முக்கியம். முதலில் மின்சாரத்தை நிற்பாட்ட வேண்டும், பயத்தில் கையை இழுக்கக் கூடாது. காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அமத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்திருக்க வேண்டும். மஞ்சள், கோப்பித்தூள், மண்ணெண்ணெய் ஒன்றும் வேண்டாம். வீங்குவதற்கு முன் மற்ற விரல்களில் உள்ள மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். வெட்டுப்பட்ட துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, ஒரு பையில் இட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீருக்குள் வைக்க வேண்டும். துண்டு நேரே ஐஸில் படக் கூடாது. பட்டால் தசை உறைந்து கெட்டுவிடும். சத்திரசிகிச்சை இருக்கலாம் என்பதால் தேத்தண்ணியும் கொடுக்கக் கூடாது. அழுகிற பிள்ளைக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்காமல் இருப்பது எங்களுக்குக் கஷ்டம்தான்.

வார்ட்டில் நடந்ததுதான் எனக்கு விரலை விடப் பெரிதாகப் பட்டது. முதலாளியின் மைத்துனர் எங்களுக்கு முன்னமே வந்து நின்றார். பதிவெடுக்கும் பிள்ளையிடம், "வீட்டிலை தேங்காய் துருவிற மெசினிலை பட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மச்சாள் மயக்க நிலையில் கிடந்தா. நான் பக்கத்தில் போய், "இல்லைத் தங்கச்சி, மில்லிலை நடந்தது, வேலை நேரத்திலை" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. பிறகு வெளியில் வைத்து, "அக்கா, நாங்கள் கைவிடுவமோ? ஏன் பெரிசாக்கிறியள்?" என்று கேட்டார். அவர்கள் கெட்ட ஆட்கள் இல்லை. அரிசியும் மாவும் மூன்று மாதம் கொண்டு வந்து தந்தார்கள். பயந்த ஆட்கள். ஆனால் வைத்தியசாலைப் பதிவில் 'வீட்டில்' என்று எழுதப்பட்டிருந்தால் மச்சாளுக்கு அதற்குப் பிறகு ஒரு வழியும் இருந்திருக்காது.

காரணம் இதுதான். எங்கள் நாட்டில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று 1934 ஆம் ஆண்டு முதல் இருக்கிறது, 19 ஆம் இலக்கச் சட்டம். வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக நேர்ந்த காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். "அவ கவனமில்லாமல் கையை விட்டா" என்பது மட்டும் கொடுக்காமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. 2022 இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, ஆகக்கூடிய நட்டஈடு 20 இலட்சம் ரூபாவாக்கப்பட்டது. வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடக்கும் விபத்தும் சேர்க்கப்பட்டது. 20 இலட்சம் என்றதும் எல்லோருக்கும் அவ்வளவும் வரும் என்று நினைக்க வேண்டாம். சம்பளத்தையும் எந்த விரல், எத்தனை கணு போனது என்பதையும் பார்த்தே கணக்கு. இந்தியாவின் 1923 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் பெருவிரலுக்கு உழைக்கும் திறனில் 30 வீதம், சுட்டு விரலுக்கு 14 வீதம், சுண்டு விரலுக்கு 7 வீதம் என்று இருந்தது. அந்த அட்டவணையை எழுதியவர் ஒரு நாளும் இடியப்ப உரல் பிடித்திருக்க மாட்டார், ஊசியில் நூல் கோத்திருக்கவும் மாட்டார் என்று மச்சாளுக்குச் சொன்னேன். அவவுக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மச்சாளிடம் நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, ஊழியர் சேமலாப நிதி இல்லை. எங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது? நாட்கூலி, கையில் காசு. அவ வேலை செய்தா என்பதைக் காட்ட எங்களிடம் இருந்தவை மூன்று: வைத்தியசாலையில் தந்த நோய் நிர்ணய அட்டையும் அதில் 'மில் இயந்திரம்' என்று எழுதியிருந்ததும், அவ தன் கையால் நாட்கூலியைக் குறித்து வைத்த மகளின் பழைய கொப்பி, அன்றைக்கு அரிசி கொண்டு வந்து காத்திருந்த இரண்டு பேரின் வாய்ச் சாட்சி. யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் அலுவலகத்துக்கு நானும் அவவும் ஐந்து தரம் போனோம். முதற் தரம் படிவம் இல்லை என்றார்கள், இரண்டாந் தரம் ஐயா லீவு. முதலாளி பக்கத்திலிருந்து ஒரு வெற்றுத்தாளும் வந்தது, "ஒரு கையெழுத்து மட்டும்" என்று. நல்ல காலம், அவவுக்கு அப்போது வலது கையால் எழுத முடியாது. இடது கையால் எழுதப் பழகின பிறகு அவ முதலில் கையெழுத்து வைத்தது நட்டஈட்டு விண்ணப்பத்தில். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஒரு தொகை கிடைத்தது. பெரிய தொகை அல்ல. மகளின் உயர்தரப் படிப்புக்கும் ஒரு பழைய தையல் இயந்திரத்தின் கடனுக்கும் போதுமாக இருந்தது.

தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் இருக்கிறது, 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கம். ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு மறைப்புப் போட வேண்டும் என்பது அதில் உண்டு. இந்த எண்ணம் இங்கே பிறந்தது அல்ல. இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்குக் கீழே புகுந்து பஞ்சு பொறுக்கிய சிறுபிள்ளைகள் கையையும் உயிரையும் விட்டார்கள். 1844 இல்தான் அங்கே சட்டம் தலையிட்டது. ஓடும் இயந்திரத்தைப் பெண்களையும் பிள்ளைகளையும் கொண்டு துடைப்பிக்க அது தடை போட்டது. இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22 ஆம் பிரிவும் அதைத்தான் சொன்னது. 180 வருடத்துக்கு முன் தெரிந்த விசயம் மருதனார்மடத்துக்கு வந்து சேர இவ்வளவு காலம் எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1989 இல் ஒரு விதி கொண்டு வந்தார்கள். இயந்திரத்தைத் திருத்துபவர் அல்லது துடைப்பவர் மின்சாரத்தை நிற்பாட்டி, சுவிச்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதிய சீட்டைத் தொங்கவிட வேண்டும். சாவி அவரிடம்தான். வேறு ஒருவராலும் திரும்பப் போட முடியாது. இதனால் வருடத்துக்கு 120 உயிர்களும் 50,000 காயங்களும் தவிர்க்கப்படுகின்றன என்பது அந்த நாட்டுத் தொழிற் பாதுகாப்புத் திணைக்களத்தின் கணிப்பு.

எங்கள் மில்லில் பூட்டு இல்லை. ஆனால் ஒரு அக்கா இருக்கிறா. 2009 இல் ஷெல் பட்டு இடது கை மணிக்கட்டோடு போனவ. அவவுக்கு இருப்பது ஒரு கை மட்டும். மச்சாளுக்கு நடந்த பிறகு அவ இயந்திரத்துக்குக் கிட்டப் போகவே பயந்தா. வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. நான் முதலாளியோடு கதைத்தேன். "இந்த அக்காவின்ரை மிச்சக் கையும் போனால் நீங்கள் என்ன செய்வியள்?" என்று நேரே கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, இரண்டு நாள் முகம் தரவில்லை. மூன்றாம் நாள் சுன்னாகத்திலிருந்து மின்வேலைக்காரரைக் கூட்டி வந்து பச்சை, சிவப்புப் பொத்தான் ஸ்ராட்டர் பூட்டுவித்தார். பெல்ற்றுக்குக் கம்பி வலையில் ஒரு கூடும் அடிப்பித்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் வைத்த ஒழுங்கு இது. மோட்டரின் வயரைச் சுவரில் இருந்து கழற்றக் கூடிய பிளக்காக மாற்றினோம். துடைக்க வேண்டுமென்றால் அந்த அக்கா பிளக்கைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருப்பா. தகடு முற்றாக நிற்கும் வரை நூறு எண்ணுவா, சத்தமாக. மூடி அதற்குப் பிறகுதான் திறக்கும். கை உள்ளே போகாது. நீளக் காம்பு வைத்த பனந்தும்புத் தூரிகைதான் போகும். துடைத்தவ வெளியே வந்து, இரண்டு கையையும் அக்காவுக்குக் காட்டி, "முடிஞ்சுது" என்று சொன்னால்தான் பிளக் திரும்பச் சுவருக்குப் போகும். முதலாளி கேட்டாலும் கொடுக்க மாட்டா. ஒரு தரம் அவரே அவசரத்தில் கேட்டார். "பொறுங்கோ தம்பி, எண்பத்தேழு" என்றா.

வாடிக்கையாளர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பொங்கலுக்கு முதல் நாள் ஒரு ஐயா, "இதென்ன, பள்ளிக்கூடத்திலை எண்ணப் பழக்கிறியளோ?" என்று கேட்டார். ஒரு தரம் துடைக்க இப்போது இரண்டு, மூன்று நிமிடம் கூடுதலாக எடுக்கிறது. அதைக் குறைப்பதற்காகக் காலையில் அரிசி, மத்தியானத்துக்குப் பிறகு மிளகாயும் மல்லியும் என்று நேரம் பிரித்து வாசலில் மட்டையில் எழுதித் தொங்கவிட்டோம். சிலர் வாசிக்காமல்தான் வருகிறார்கள். ஆனாலும் முன்பு பத்துத் தரம் துடைத்த நாளில் இப்போது மூன்று தரம் போதும்.

மச்சாள் திரும்ப மில் வேலைக்குப் போகவில்லை. பெருவிரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையில் துணியைப் பிடித்துத் தைக்கப் பழகியிருக்கிறா. கைப் பயிற்சிக்கு வைத்தியசாலைக்கு எட்டு மாதம் விடாமல் போனதால்தான் அதுவும் முடிந்தது. காயம் ஆறினால் போதும் என்று பாதியில் நிற்பாட்டியிருந்தால் மிச்ச விரல்கள் இறுகிப் போயிருக்கும் என்று பயிற்சி கொடுத்த பிள்ளை சொன்னா. பள்ளிச் சீருடை, சட்டைக்குப் பொத்தான், சேலைக்குக் கரை எல்லாம் தைப்பா. அவவின் தையல் இயந்திரம் கால் மிதி இயந்திரம். மோட்டர் பூட்டித் தரலாம் என்று சென்ற மாதம் ஒரு உறவினர் சொன்னார். சுவிச்சு எந்த மாதிரி என்று கேட்டாவாம். இன்னும் முடிவு சொல்லவில்லை.